மியூச்சுவல் ஃபண்டு மேலாளரின் திறனை அளப்பது எப்படி?

முதலில், இன்று இயங்கும் ஃபண்டுகளோடு, மூடப்பட்டவற்றையும் பிறவற்றோடு இணைக்கப்பட்டவற்றையும் தரவில் சேர்த்துக்கொள்ள வேண்டும். தோற்றவை விடுபட்டால் எஞ்சியவற்றின் சராசரி வருவாய் உண்மையைவிட உயர்ந்தே தெரியும், ஆய்வுகள் பல சறுக்குவதும் இங்கேதான்.

பின்னர், ஒவ்வொரு ஃபண்டின் வருவாயிலிருந்தும் அரசின் குறுகியகாலக் கடன் பத்திரங்களுக்கான வட்டியைக் கழித்து, எஞ்சியதற்கும் சந்தையின் மிகை வருவாய்க்கும் (சந்தை வருவாயிலிருந்து அதே வட்டியைக் கழித்தது) இடையிலான தொடர்புப்போக்குக் கோட்டைக் (regression line) கணிக்க வேண்டும். அக்கோட்டின் வெட்டுத்துண்டே, அதாவது சந்தையின் மிகை வருவாய் சுழியமாகும்போது கோடு காட்டும் மதிப்பே, ஆல்ஃபா; மேலாளரின் திறனுக்கான அளவு இதுவே. 1968இல் பொருளியலாளர் மைக்கேல் ஜென்சன், 115 அமெரிக்க ஃபண்டுகளின் 1945 முதல் 1964 வரையிலான வருவாயை இம்முறையில் ஆராய்ந்து, நிர்வாகச் செலவைக் கழிக்காமல் பார்த்தாலும் அவை சராசரியாகச் சந்தையை வெல்லவில்லை என்று கண்டார்.

சந்தை மட்டும் போதாது. நிதியியல் ஆய்வாளர்களான ஃபாமாவும் ஃப்ரெஞ்சும் 1993இல் முன்வைத்த நிறுவன அளவு, புத்தக மதிப்புக்கும் சந்தை மதிப்புக்கும் உள்ள விகிதம் ஆகியவற்றோடு, கார்ஹார்ட் 1997இல் சேர்த்த உந்தக் காரணியையும் (அண்மையில் உயர்ந்த பங்குகள் தொடர்ந்து உயரும் போக்கு) சமன்பாட்டில் இட்டால், திறமையாகத் தோன்றியதில் பெரும்பகுதி கரைந்துவிடுவதைக் காணலாம்.