போர்க்காலத் தீர்க்கதரிசனத்தைச் சோதிப்பது எப்படி

எங்காவது போர் மூண்டால் போதும், "இவர் அப்போதே சொல்லிவிட்டார்" என்று ஒரு வீடியோ கிளம்பிவிடுகிறது. நான் வரலாற்று வாத்தியார் என்பதால், "இது நிஜமா சார்?" என்று எனக்குத்தான் அனுப்புகிறார்கள். நான் சோதிக்கும் விதம் இதுதான்.

முதலில் தேதி. கணிப்பில் அச்சாகியிருக்கும் தேதி அல்ல. அது உங்கள் கைக்கு எப்போது வந்தது, அதற்கு முன் யாராவது பார்த்திருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் ரகசியப் பிரச்சாரப் பிரிவு ‘செனித்’ என்ற ஜெர்மன் ஜோசியப் பத்திரிகைக்குப் போலி இதழ்கள் தயாரித்தது. லூயி டி வோல் என்ற ஜோசியர் அதற்கு உதவினார். பழைய தேதியைப் போட்டு, ஏற்கெனவே நடந்து முடிந்ததை ‘இனி நடக்கும்’ என்று எழுதினார்கள். படிக்கிற ஜெர்மன் மாலுமிக்கு எல்லாம் அட்சரசுத்தமாகப் பலித்தது போலத் தெரியும். அந்த நம்பிக்கை வந்த பிறகுதான் உண்மையான சரக்கு: நீர்மூழ்கிகள் கடலில் இறங்கக் கூடாத நாட்கள். பலித்ததெல்லாம் தூண்டில் புழு. ஆகவே பலித்த பகுதியை விட்டுவிட்டு, இனி நடக்கப்போவதாகச் சொல்லும் பகுதியை மட்டும் தனியாகப் படியுங்கள். அதை நம்பினால் நீங்கள் என்ன செய்வீர்கள், அதனால் யாருக்கு லாபம்?

1954-இல் வியட்நாமில் அமெரிக்க அதிகாரி எட்வர்ட் லான்ஸ்டேலின் குழு ஜோசியர்களைப் பிடித்துப் பஞ்சாங்கமே போட்டது. அமெரிக்கா எதிர்த்த கம்யூனிஸ்ட் இயக்கமான வியட்மின்னின் தலைவர்களுக்குக் கேடு, தெற்கில் ஒற்றுமை என்று அதில் பலன். லாபம் யாருக்கு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

"நாலு பேர் ஒரே மாதிரி சொல்கிறார்களே" என்பதையும் லேசில் நம்பாதீர்கள். 1941-இல் டி வோலை அமெரிக்காவுக்கு அனுப்பி ஹிட்லரின் வீழ்ச்சியைக் கணிக்க வைத்த பிரிட்டன், அதை ஆமோதிக்கும் கணிப்புகள் வேறு நாடுகளிலிருந்து வரவும் ஏற்பாடு செய்தது. நாலு வாய், ஒரே கை.

எல்லாரும் கூலிக்காரர்கள் அல்ல. 1905-இல் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவில் கிஞ்சிகிட்டிலே என்ற தீர்க்கதரிசி கொடுத்த மந்திரநீர் தோட்டாவைத் தண்ணீராக்கும் என்று நம்பியவர்கள் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே போனார்கள். ஏமாற்றும் நோக்கம் இல்லாவிட்டாலும் தோட்டா தோட்டாதான்.

கடைசியாக, அந்தச் சேனலின் பழைய வீடியோக்களுக்குப் போங்கள். பலிக்காத கணிப்புகள் அங்கே இருக்கின்றனவா, அழிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். வீட்டில் யாராவது நம்பிவிட்டால் கேலி மட்டும் செய்யாதீர்கள். அடுத்ததை உங்களிடம் காட்டவே மாட்டார்கள். "சரி, இதைப் பார்த்துவிட்டு நாம் என்ன செய்யணுமாம்?" என்று கேளுங்கள்.