போலியோவான்னு பார்க்கும்போது எல்லாரும் பண்ற தப்புகள், நான் பண்ணினதும் சேர்த்து

போன வாரம் ரவுண்ட்ஸ்ல ஒரு ஜூனியர் டாக்டர் கேஸ் சொன்னாங்க. நாலு வயசு குழந்தை, முந்தின நாள்ல இருந்து வலது கால் துவண்டு கிடக்கு, முட்டியில தட்டினா ரிஃப்ளெக்ஸ் இல்ல. எம்.ஆர்.ஐ.க்கு எழுதியாச்சு, ரத்தம் டியூப் டியூபா லேபுக்குப் போயாச்சு. "ஸ்டூல் எடுத்தீங்களா?"ன்னு கேட்டேன், போலியோ வைரஸைத் தேட மலம் தான் வேணும். "இது ஜி.பி.எஸ். மாதிரி தான் இருக்கு சார், அதான் எடுக்கல"ன்னாங்க. ஜி.பி.எஸ்.ங்கிறது கில்லன்-பாரே சிண்ட்ரோம், உடம்போட எதிர்ப்பு சக்தியே நரம்பைத் தாக்கி கை காலைத் தளர வைக்கிற நோய். பல வருஷத்துக்கு முன்னாடி நானும் வார்த்தை மாறாம இதையே தான் சொன்னேன், அதனால தான் இன்னிக்கு உக்காந்து எழுதுறேன். டப்பா மூடியை இறுக்கி மூடணும், பேரும் தேதியும் ஒட்டணும்ங்கிறதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும், அதை விட்டுடறேன்.

"இது போலியோ இல்ல"ன்னு நாமளே தீர்ப்பு சொல்லிடறது

முதல்ல ஒண்ணு புரியணும். 15 வயசுக்குள்ள இருக்கிற எந்தக் குழந்தைக்கும் திடீர்னு கை காலு துவண்டு போனா அதுக்குப் பேர் ஏ.எஃப்.பி., அதாவது திடீர் தளர்வாதம். அது நோயோட பேர் இல்ல, நம்ம கண்ணுக்குத் தெரியுற அறிகுறியோட பேர். உள்ள ஜி.பி.எஸ். இருக்கலாம், தண்டுவட வீக்கம் இருக்கலாம், பிட்டத்துல தப்பா போட்ட ஊசியால நரம்பு அடிபட்டிருக்கலாம், வேற என்டெரோவைரஸா (போலியோ மாதிரியே குடல்ல பெருகுற வைரஸ் இனம்) இருக்கலாம், போலியோவாவும் இருக்கலாம். என்னன்னு முடிவு பண்ணிட்டு அனுப்புறது முறையே இல்ல. ஏ.எஃப்.பி.ன்னு தெரிஞ்ச அன்னிக்கே தகவல் சொல்லணும், மலம் போகணும்.

நான் பி.ஜி. படிக்கும்போது அஞ்சு வயசு பொண்ணு ஒண்ணு வந்துச்சு, ரெண்டு காலும் தளர்ந்திருந்தது, இடது கொஞ்சம் கூடவே. எல்.பி. (முதுகுல ஊசி போட்டு தண்டுவட நீர் எடுக்கிறது) பண்ணினதுல ரத்தம் கலந்துடுச்சு, அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியல. காய்ச்சல் இருந்துச்சான்னு அம்மாகிட்ட ஒரு தடவை கேட்டேன், அவங்க பயத்துல தலையை ஆட்டினாங்க, நான் அதை "இல்ல"ன்னு எடுத்துக்கிட்டேன். கேஸ் ஷீட்ல ஜி.பி.எஸ்.னு எழுதினேன், இடது கால் ஏன் கூடுதலா தளர்ந்திருக்குங்கிற கேள்வியை அப்படியே தள்ளி வச்சேன், ஐ.வி.ஐ.ஜி. (ஜி.பி.எஸ்.க்கு நரம்பு வழியா ஏத்துற ஆன்டிபாடி மருந்து) ஓடுச்சு, ஸ்டூல் எடுக்கவே இல்ல. 19-வது நாள் ஒரு சீனியர் வந்து பார்த்துட்டு கேட்டாங்க. அவசர அவசரமா 20-வது நாளும் 21-வது நாளும் எடுத்து அனுப்பினோம். வைரஸ் இல்லைன்னு ரிசல்ட் வந்துச்சு. நான் நிம்மதியா இருந்தேன்.

போலியோ கண்காணிப்புப் பிரிவுல இருந்து வந்தவர் அந்த ரிசல்ட்டை மேசையில வச்சுட்டு, "போலியோ இல்லைன்னு இதுல எங்கயும் எழுதல, லேட்டா தேடினோம், கிடைக்கலன்னு தான் அர்த்தம்"னு சொன்னார். அது தான் உண்மை. மலத்துல வைரஸ் அதிகமா வர்றது முதல் ரெண்டு வாரம், அப்புறம் சில வாரத்துக்கு வரும் ஆனா குறைஞ்சுக்கிட்டே போகும். அதுவும் தினமும் ஒரே அளவுல வராது, விட்டு விட்டு வரும், இன்னிக்கு எடுத்ததுல இல்லாதது நாளைக்கு எடுத்ததுல இருக்கும். அதனால தான் கால் தளர்ந்த நாள்ல இருந்து 14 நாளுக்குள்ள, குறைஞ்சது 24 மணி நேரம் இடைவெளி விட்டு, ரெண்டு சாம்பிள். ஒரே நாள்ல காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு எடுத்தா அது ரெண்டு இல்ல, ஒண்ணு தான். ஒவ்வொண்ணும் 8 கிராமாவது வேணும், பெரியவங்க கட்டைவிரல் நுனி அளவுன்னு வச்சுக்கோங்க. எடுத்ததுல இருந்து லேப் போய்ச் சேர்ற வரைக்கும் ஐஸ் பேக்கோட குளிர்லயே இருக்கணும், வழியில சூடாச்சுன்னா வைரஸ் செத்துடும், அப்ப லேப் சொல்ற "இல்லை"யும் பொய்யாயிடும்.

அந்தப் பொண்ணு 60-வது நாள் திரும்ப வந்தப்ப இடது தொடை இளைச்சிருந்தது. அப்பத் தான் அவங்க அம்மா பொறுமையா உக்காந்து சொன்னாங்க, கால் விழுறதுக்கு முந்தின ராத்திரி உடம்பு அனலா கொதிச்சுதுன்னு. சரியான சாம்பிள் இல்ல, மிச்ச தளர்வு இருக்கு, காய்ச்சல் வேற இருந்திருக்கு, நிபுணர் குழு அதை "போலியோவோட ஒத்துப்போகுது"ங்கிற கணக்குல தான் வச்சாங்க. ஆமாவும் இல்ல, இல்லையும் இல்ல. அந்த வகைக்கே கண்காணிப்பு தோத்துப் போச்சுன்னு தான் அர்த்தம். அந்தக் குடும்பத்துக்கு பதில் கிடைக்கல, இனிமே கிடைக்கவும் கிடைக்காது, காரணம் நான் முதல் வாரத்துல ஒரு டப்பாவை எடுத்து நீட்டல. இன்னிக்கு வரைக்கும் எனக்கு அது ஆறல.

இதுக்கு மேல ஒரு வாதம் வரும், "அனுப்புறதெல்லாம் நெகட்டிவ் தானே வருது, எதுக்கு லேபுக்கு வேலை?"ன்னு. நெகட்டிவ் வர்றதுக்காகத் தான் அனுப்புறோம்! போலியோ இல்லாத இடத்துலயும் 15 வயசுக்குட்பட்ட 1 லட்சம் குழந்தைங்கள்ல வருஷத்துக்கு ஒருத்தருக்காவது வேற காரணத்தால ஏ.எஃப்.பி. வரும், அந்தக் கணக்குக்குக் கீழ போனா நோய் இல்லைன்னு அர்த்தம் இல்ல, நாம தேடலன்னு அர்த்தம். இயற்கையான டைப் 2 ஒழிஞ்சதுன்னு 2015-லயும் டைப் 3 ஒழிஞ்சதுன்னு 2019-லயும் அறிவிச்சாங்களே, அந்த நம்பிக்கைக்கு அடியில கிடக்கிறது யாரோ சரியான நாள்ல எடுத்து அனுப்பின நெகட்டிவ் சாம்பிள்கள் தான்.

எல்.பி.யை ரொம்ப நம்புறது

புத்தகத்துல அழகா இருக்கும், போலியோன்னா தண்டுவட நீர்ல செல் கூடும், ஜி.பி.எஸ்.னா புரோட்டீன் மட்டும் கூடும்னு. போலியோவுல ரெண்டு மூணு வாரம் ஆனதும் செல் இறங்கி புரோட்டீன் ஏறிடும், அப்ப எடுத்த எல்.பி. பார்க்கிறதுக்கு அச்சு அசல் ஜி.பி.எஸ். மாதிரியே இருக்கும். அந்த நீர்ல போலியோ வைரஸைப் பிடிக்கிறதும் ரொம்ப அபூர்வம்.

ஆன்டிபாடி டெஸ்ட்

தடுப்பு மருந்தால வந்ததா நோயால வந்ததான்னு அது சொல்லாது. விடுங்க.

சொட்டு மருந்து போட்ட குழந்தை தானே

அப்பவும் ஸ்டூலை அனுப்புங்க.

வலியைத் தளர்வுன்னும், தளர்வை வலின்னும் எடுத்துக்கிறது

இடுப்பு மூட்டுல சீழ் வச்சாலும் குழந்தை காலை அசைக்காது, ஆனா ரிஃப்ளெக்ஸ் இருக்கும். அழுற குழந்தைகிட்ட சுத்தியலோட நேரா போகாதீங்க, அம்மா மடியில விட்டுட்டு தூரத்துல இருந்து அஞ்சு நிமிஷம் பாருங்க, பொம்மைக்கு எந்தக் கால் உதைக்குது எது கிடந்த இடத்துலயே கிடக்குன்னு. போலியோவுல பெரும்பாலும் ஒரு பக்கம் கூட ஒரு பக்கம் குறைவா இருக்கும், பாதத்தை விட தொடை அதிகமா தளரும், தொட்டா உணர்வு இருக்கும், காய்ச்சலோட ஆரம்பிச்சு ரெண்டு மூணு நாள்ல முழுசா இறங்கிடும், காய்ச்சல் விட்டதும் மேல பரவுறது நின்னுடும். ஜி.பி.எஸ். ரெண்டு பக்கமும் ஒண்ணு போல கீழ இருந்து மேல ஏறும், அதுக்கு நாள் கணக்குல, சில சமயம் வாரக் கணக்குல ஆகும். இதெல்லாம் உங்க சந்தேகத்தைத் தீட்டிக்க மட்டும் தான், ஸ்டூலை நிறுத்துறதுக்கு இல்ல.

காய்ச்சலும் தளர்வுமா இருக்கிற குழந்தைக்கு தசை ஊசி

போடாதீங்க. போலியோ வைரஸ் உள்ள இருக்கும்போது தசையில குத்தினா அந்தக் காலோட தளர்வையே அது கூட்டிடலாம்.

வைரஸ் வளர்ந்துச்சுன்னதும் போலியோன்னு சொல்லிடறது

இதுவும் பெரிய தப்பு, பெத்தவங்க தலையில இடியா விழும். லேப்ல ஆர்.டி., எல்20பி.ன்னு ரெண்டு வகை செல்லுல சாம்பிளை வளர்ப்பாங்க, எல்20பி.ங்கிறது போலியோ வைரஸ் ஒட்டுற ஏற்பியை வச்சு உருவாக்கின எலி செல். கல்ச்சர் முடிய ரெண்டு வாரம் வரைக்கும் ஆகலாம். வளர்ந்தாலும் அது எந்த டைப், இயற்கை வைரஸா, சொட்டு மருந்துல இருக்கிற வைரஸா, மாறிப்போன தடுப்பு மருந்து வைரஸான்னு பி.சி.ஆர்.ல பிரிக்கணும், தேவைப்பட்டா வைரஸோட வெளி உறைப் புரதத்துக்கான வி.பி.1 மரபணுவைப் படிக்கணும். சமீபத்துல சொட்டு மருந்து குடிச்ச குழந்தை மலத்துல அந்த வைரஸ் வர்றது சகஜம், காலு வேற காரணத்தால துவண்டிருக்கும். ரிசல்ட்டை முழுசா படிச்சுட்டு வாயைத் திறங்க.

60-வது நாளை மறக்கிறது

டிஸ்சார்ஜ் ஆன குழந்தையைத் தேடிப் போய் பார்க்கிறது யாருக்கும் பிடிக்காத வேலை. ஆனா மிச்ச தளர்வு இருக்கா, தசை இளைச்சிருக்கான்னு அன்னிக்குத் தான் தெரியும், சாம்பிள் சொதப்பின கேஸ்ல கடைசியா கையில நிக்கிற ஆதாரம் அது ஒண்ணு தான். அந்த ஜூனியர் டாக்டரோட குழந்தைக்கு முதல் சாம்பிள் அன்னிக்கு சாயங்காலமே எடுத்து ஐஸ்ல வச்சாச்சு, ரெண்டாவது மறுநாள் ராத்திரி எடுத்தாங்க. 60-வது நாள் எந்தத் தேதின்னு எண்ணி கேஸ் ஷீட்டோட முதல் பக்கத்துல சிவப்பு மையில எழுதச் சொன்னேன், எழுதி, பக்கத்துலயே அம்மாவோட போன் நம்பரையும் வாங்கி வச்சிருக்காங்க.