டைப் 1 பிள்ளையோடு தீம் பார்க்: இன்சுலின், குளுக்கோஸ், தண்ணீர் ரைடு, அன்றைய இரவு

டைப் 1 சர்க்கரை நோய் (உடலில் இன்சுலின் சுரக்காததால் தினமும் இன்சுலின் போட வேண்டிய வகை) உள்ள பிள்ளை ரோலர் கோஸ்டரில் ஏறக்கூடாது, அலைக்குளத்தில் இறங்கக்கூடாது என்று எந்த மருத்துவ விதியும் இல்லை. பிடதி வொண்டர்லாவோ, மேட்டுப்பாளையம் பிளாக் தண்டரோ, ஈசிஆர் விஜிபியோ, மற்றப் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்தை அதுவும் ஆடலாம். பெற்றோர் பயப்படுவது ரைடைப் பார்த்து. ஆனால் சுகர் வரிசையில் நிற்கும்போதும் இறங்கலாம். சுகர் பார்க்கும் மீட்டரும், இறங்கினால் கொடுக்கும் குளுக்கோஸும் நுழைவாயில் பக்கம் லாக்கரில் பூட்டிக் கிடக்கும். பிள்ளை பூங்காவின் மறுகோடியில், நனைந்த உடையோடு, சறுக்கு மேடையின் படிக்கட்டில் நின்றுகொண்டிருக்கும். அதனால் முதலில் ஒன்றை முடிவு செய்துவிடுங்கள்: குளுக்கோஸ் பை லாக்கருக்குள் போகாது. ரைடில் ஏறாத ஒரு பெரியவர் கையில், அந்த ரைடு முடிந்து பிள்ளை வெளியே வரும் வழியில் இருக்கும். குறைந்தது இரண்டு பெரியவர்கள் வேண்டும். ஒருவர் கூட ஏறுவார், ஒருவர் பையோடு காத்திருப்பார். அடுத்த ரைடுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

எப்போது போவது

பள்ளி விடுமுறை என்பதால் பலர் ஏப்ரல், மே மாதங்களில் கிளம்புகிறார்கள். இன்சுலினுக்கும் பிள்ளைக்கும் அதுதான் மோசமான காலம். சூட்டில் தோலுக்கு ரத்த ஓட்டம் கூடும், போட்ட இன்சுலின் வழக்கத்தைவிட வேகமாக உடலில் சேரும், சுகர் எதிர்பாராத நேரத்தில் இறங்கும். தண்ணீர் குடிக்காமல் விட்டால் எதிர்ப்பக்கம், சுகர் ஏறும். முடிந்தால் அரையாண்டு விடுமுறையிலோ, மழை ஓய்ந்த பிறகோ வைத்துக்கொள்ளுங்கள். வார நாளில் கூட்டம் குறைவு. ஆனால் டிசம்பர், ஜனவரியில் பள்ளிச் சுற்றுலா பஸ்கள் வார நாளில்தான் வரும். டிக்கெட் எடுக்கும் முன் பூங்காவுக்குப் போன் செய்து, அன்று எத்தனை பள்ளிகள் வருகின்றன என்று கேட்டுவிடுங்கள். வரிசையைத் தாண்டிப் போகும் விரைவு டிக்கெட் இருக்கும் பூங்காவில், விலை கூடுதல் என்றாலும் இந்தப் பிள்ளைக்கு அதை எடுப்பது நல்லது. வெயிலில் ஒரு மணி நேரம் நிற்பது மிச்சமாகும்.

அதே போனில் இன்னும் மூன்று கேள்விகள். முதலுதவி அறை எங்கே, நர்ஸ் எந்த நேரம் வரை இருப்பார்? மருத்துவக் காரணத்துக்காகக் கொண்டுவரும் உணவை உள்ளே விடுவார்களா? இன்சுலினை வைக்க முதலுதவி அறையில் ஃப்ரிட்ஜ் உண்டா? பெரும்பாலான பூங்காக்கள் வெளி உணவைத் தடுக்கும். வாசலில் பையைச் சோதிப்பவருக்கு டைப் 1 என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. மருத்துவரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்: பிள்ளையின் பெயர், நோய், இன்சுலின் பெயர்கள், ஊசி, குளுக்கோஸ், சிற்றுண்டி எப்போதும் கூடவே இருக்க வேண்டும் என்ற வரி, மருத்துவரின் எண். வெளிமாநிலம் போனால் கடிதம் ஆங்கிலத்தில் இருக்கட்டும். அசலைப் பையில் வைத்து, படத்தைப் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரம் முன்பு மருத்துவரிடம்

அன்றைய நாள் முழுக்க நடை, ஏற்றம், நீச்சல். வழக்கமான டோஸ் அப்படியே போட்டால் பல பிள்ளைகளுக்கு லோ வரும், அதாவது சுகர் 70-க்குக் கீழே இறங்கும். எவ்வளவு குறைப்பது என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும், அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்க வேண்டியவை: சாப்பாட்டோடு போடும், வேகமாக வேலை செய்யும் ரேபிட் இன்சுலினில் காலை, மதியம் எத்தனை யூனிட் குறைக்கட்டும்? நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் லாங் ஆக்டிங்கை அன்று இரவு குறைக்கணுமா? சுகர் எவ்வளவுக்குக் கீழே இருந்தால் தண்ணீரில் இறக்கக்கூடாது? கீட்டோன் (இன்சுலின் போதாதபோது ரத்தத்திலும் சிறுநீரிலும் சேரும் அமிலப்பொருள்) வந்தால் என்ன செய்ய? பதிலைத் தாளில் எழுதி வாங்குங்கள்.

ரேபிட், லாங் ஆக்டிங் போன்ற புது அனலாக் இன்சுலின் இல்லாமல் ரெகுலர், என்பிஹெச் என்ற பழைய வகையில் இருக்கும் பிள்ளைகள் நம் ஊரில் நிறைய. அவர்களுக்குத் திட்டமே வேறு. ரெகுலர் 2 முதல் 4 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். காலையில் போட்ட என்பிஹெச் மதியத்தைத் தாண்டியும் வேலை செய்துகொண்டிருக்கும். சாப்பாட்டைத் தள்ளிப்போடவே முடியாது: முன்பகலில் ஒரு சிற்றுண்டி, நேரத்துக்கு மதியச் சாப்பாடு, 4 மணி வாக்கில் இன்னொன்று. "இந்த ஒரு ரைடு முடிச்சிட்டு சாப்பிடலாம்" என்பது இந்தப் பிள்ளைக்குக் கிடையாது.

குளுக்கோஸைப் பொட்டலம் கட்டுவது

லோ வந்தால் கொடுக்க வேண்டியது ஏறக்குறைய பிள்ளையின் எடையில் கிலோவுக்கு 0.3 கிராம் குளுக்கோஸ். 20 கிலோ பிள்ளைக்கு 6 கிராம், 30 கிலோவுக்கு 9, 50 கிலோவுக்கு 15. கூட்ட நெரிசலில் டப்பாவைத் திறந்து அள்ளினால் பாதி காற்றில் போகும், மீதி எவ்வளவு என்று தெரியாது. வீட்டிலேயே சின்ன டிஜிட்டல் தராசில் ஒரு முறைக்கான அளவை நிறுத்து, சிறிய ஜிப் கவரில் போட்டு, மேலே பேனாவால் கிராமை எழுதிவிடுங்கள். ஒரு நாளுக்கு எட்டுப் பொட்டலமாவது வேண்டும். நான்கு ஒரு பெரியவரிடம், நான்கு இன்னொருவரிடம். பொடியை அப்படியே வாயில் கொட்டாதீர்கள், புரையேறும். அரை டம்ளருக்கும் குறைவான தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். பழச்சாறு அட்டைப் பெட்டி என்றால் 100 மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று முன்பே பார்த்து, எத்தனை மில்லி கொடுப்பது என்று பெட்டி மேலேயே குறித்துக்கொள்ளுங்கள். இப்போது பல குளிர்பானங்களில் சர்க்கரை இல்லாத வகையும் ஒரே மாதிரி புட்டியில் வருகிறது. லோ நேரத்தில் அதைக் கொடுத்தால் சுகர் ஏறவே ஏறாது. சாக்லேட்டும் ஐஸ்கிரீமும் லோவுக்கு மருந்தில்லை. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேருவதைத் தாமதப்படுத்தும்.

இன்சுலினும் ஊசியும்

ஒரு நாளுக்குத் தேவையானதைப் போல இரண்டு மடங்கு எடுத்துச் செல்லுங்கள், இரண்டு பைகளில். உபயோகத்தில் உள்ள பென் (பேனா வடிவ இன்சுலின் ஊசி) பொதுவாக 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நிறுத்திய காரின் உள்ளே வெயிலில் அதைவிட மிக அதிகமாகச் சூடேறும், டாஷ்போர்டில் இன்னும் மோசம். இன்சுலினைக் காரில் விடவே கூடாது. தண்ணீரில் ஊறவைத்துப் பயன்படுத்தும் குளிர்ப்பை ஈரம் ஆவியாவதால் குளிரும். அதைப் பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு மூடினால் பயனில்லை. கடலோரப் புழுக்கத்திலும் அது குறைவாகவே குளிரும். சென்னைப் பக்கம் போகிறவர்களுக்கு மூடியுள்ள ஃபிளாஸ்க் அல்லது தெர்மோகோல் பெட்டியும் ஜெல் ஐஸ் பேக்கும் நம்பகமானவை. ஐஸ் பேக்கைத் துண்டில் சுற்றுங்கள், இன்சுலின் அதைத் தொடக்கூடாது. உறைந்த இன்சுலின் உருகிய பிறகு தெளிவாகத் தெரிந்தாலும் வேலை செய்யாது. ஓட்டல் அறையின் சின்ன ஃப்ரிட்ஜிலும் இதே ஆபத்து உண்டு: உறைபெட்டியை ஒட்டி வைக்காமல் கதவுப் பக்கம் வையுங்கள். விமானத்தில் போனால் கைப்பையில்தான்.

பென்னில் ஊசியை மாட்டியே வைக்காதீர்கள். சூட்டில் இன்சுலின் கசியும், காற்றுக் குமிழி உள்ளே போகும், அடுத்த டோஸ் குறையும்.

பென் பழுதானால் என்று சிரிஞ்சு எடுத்துப் போகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சு சிவப்பு மூடி. பென்னுக்குள் போடும் இன்சுலின் குழாயான கார்ட்ரிட்ஜில் உள்ளது மில்லிக்கு 100 யூனிட்; அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். அவசரத்தில் பூங்கா வாசலில் உள்ள மருந்துக்கடையில் "இன்சுலின் சிரிஞ்சு" என்று மட்டும் கேட்டால் எது வேண்டுமானாலும் வரும். ஆரஞ்சு மூடி சிரிஞ்சு நான்கை வீட்டிலிருந்தே எடுத்து வையுங்கள். போட்ட ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் புட்டியில் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். பூங்காக் குப்பையை வெறுங்கையால் அள்ளுபவர்கள் இருக்கிறார்கள்.

லோவில் மயங்கிய பிள்ளைக்குச் சுகரை ஏற்றப் போடும் குளுக்ககான் ஊசி எல்லாக் கடைகளிலும் கிடைக்காது. வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் சில வாரம் முன்பே சொல்லி வையுங்கள். 25 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கு அரை மில்லிகிராம், அதற்கு மேல் 1 மில்லிகிராம். கூட வரும் இரண்டு பெரியவருக்கும் கலக்கிப் போடத் தெரிந்திருக்க வேண்டும்.

பூங்காவுக்குள்

முதல் சோதனை வாசலில். சுகர் 90-க்குக் கீழே (இங்கே எல்லா அளவும் மி.கி./டெ.லி.) என்றால் சாப்பிட்ட பிறகே ஆட்டம். 90-க்கு மேல் இருந்தால் கிளம்பலாம். தண்ணீருக்கு இன்னும் கூடுதலாக, மருத்துவர் சொன்ன அளவில். 250, 270-ஐத் தாண்டியிருந்தால் கீட்டோன் பாருங்கள். கீட்டோன் இருந்தால் அன்றைய ஓட்டமும் நீச்சலும் வேண்டாம். மருத்துவரை அழைக்க வேண்டிய நேரம் அது. முந்தைய நாள் வாந்தியோ காய்ச்சலோ இருந்தால் டிக்கெட் பணம் போகட்டும், பயணத்தைத் தள்ளி வையுங்கள்.

பிறகு 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, நீண்ட வரிசை ஒவ்வொன்றிலும் சேரும் முன்பும், தண்ணீரில் இறங்கும் முன்பும், ஏறிய பின்பும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் மறக்காது. பஞ்சுமிட்டாய் ஒட்டிய விரலில் குத்தினால் மீட்டர் பொய்யாக 300 காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் நிஜமான லோ வரும். ஈர விரலில் குத்தினால் சொட்டு நீர்த்துக் குறைவாகக் காட்டும். விரலைக் கழுவி, காய்ந்த துணியில் நன்றாகத் துடைத்த பிறகே குத்துங்கள். அதற்கென்று ஒரு சிறு துண்டு தனியாக, காய்ந்தபடி, ஜிப் கவருக்குள் இருக்கட்டும்.

ரோலர் கோஸ்டரிலிருந்து இறங்கும் பிள்ளைக்குக் கை நடுங்கும், வியர்க்கும், முகம் வெளுக்கும். லோவுக்கும் இதேதான். குளத்திலிருந்து ஏறியவுடன் வரும் குளிர் நடுக்கமும் அப்படியே. கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது, ஒவ்வொரு முறையும் குத்திப் பாருங்கள். பயமும் பரபரப்பும் அட்ரினலினைக் கூட்டிச் சிறிது நேரம் சுகரை ஏற்றும். அந்த ஏற்றத்துக்கு உடனே இன்சுலின் போட வேண்டாம். அது தானாக இறங்கும், அதன் மேல் நீச்சலும் சேரும்.

தோலில் ஒட்டியிருந்து சுகரைத் தொடர்ந்து போனில் காட்டும் சென்சார் போட்ட பிள்ளை என்றால் மூன்று விஷயம். குளோரின் தண்ணீரில் ஓரம் பிய்ந்துகொண்டு வரும், எனவே முந்தைய நாள் இரவே, காய்ந்த தோலில், மேலே ஒட்டுப்பட்டை ஒட்டுங்கள். போன் சில மீட்டர் தள்ளிப் போனாலோ சென்சார் தண்ணீருக்குள் இருந்தாலோ சிக்னல் வராது, அலாரமும் அடிக்காது. தண்ணீரில் இருக்கும் பிள்ளைக்கு சென்சார் காவல் இல்லை. மூன்றாவது, சுகர் வேகமாக மாறும்போது சென்சார் ரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கும். லோவுக்குச் சிகிச்சை கொடுத்த பின் விரலில் குத்தித்தான் பார்க்க வேண்டும். இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தும் பம்ப் போட்டிருந்தால் காந்த பிரேக் உள்ள ரைடுக்கு முன் கழற்ற வேண்டுமா என்று நிறுவனத்தின் கையேட்டில் பாருங்கள்; கழற்றியது ஒரு மணி நேரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு அடுத்த இரண்டு மணி நேரம்தான் அன்றைய பகலில் மிகவும் கவனம் வேண்டிய நேரம். ரேபிட் இன்சுலின் உச்சத்தில் இருக்கும், பிள்ளையும் தெம்பாக ஓடும். பெரிய தண்ணீர் சறுக்குகளைக் காலைச் சாப்பாடு செரித்த பிறகு, மதியத்துக்கு முன் முடித்துவிட்டு, மதியம் சாப்பிட்டதும் உட்கார்ந்து பார்க்கும் காட்சி, மெதுவான ரைடு என்று வைத்துக்கொள்வது நல்லது. தண்ணீர் ரைடுகளுக்குத் தனி நேரம் வைத்திருக்கும் பூங்காக்கள் உண்டு, அன்றைய அட்டவணையை வாசலிலேயே பாருங்கள். பூங்கா உணவகத்தில் ஃப்ரைடு ரைஸைக் கணக்கிடுவது கஷ்டம். வீட்டில் அளந்து பழகிய இட்லி, சப்பாத்தி கையில் இருந்தால் டோஸ் தப்பாது.

70-க்குக் கீழே வந்தால் அந்த இடத்திலேயே உட்காரவையுங்கள். ஒரு பொட்டலம், 15 நிமிடம், மீண்டும் சோதனை, ஏறவில்லை என்றால் இன்னொன்று. ஏறிய பிறகு பிஸ்கட் போல ஏதாவது. வரிசையில் இடம் போய்விடுமே என்று பிள்ளை நிச்சயம் அழும். லோ வந்தால் வரிசையை விட்டு வெளியே வரணும், திரும்பச் சேர்வதற்கு அப்பா பேசுவார் என்று வீட்டிலேயே பேசி வையுங்கள். இது தெரியாத பிள்ளை லோவை மறைக்கும். மயங்கினால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, குளுக்ககான் இருந்தால் போட்டு, ஒருவர் முதலுதவி அறைக்கு ஓட, இன்னொருவர் 108-ஐ அழையுங்கள்.

இரவு

பூங்காவில் ஒன்றும் ஆகவில்லை என்று நிம்மதியாகப் படுக்கும் இரவில்தான் பல பிள்ளைகளுக்குக் கடுமையான லோ வருகிறது. நாள் முழுக்க ஓடிய தசைகள் இழந்த சர்க்கரையை ரத்தத்திலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டே இருக்கும். இது 24 மணி நேரம் வரைகூட நீளும். படுக்கும் முன் பாருங்கள், நள்ளிரவு தாண்டி 2, 3 மணி வாக்கில் மறுபடி பாருங்கள். அலாரம் இருவர் போனிலும். களைத்துத் தூங்கும் பெரியவர் ஒருவரை மட்டும் நம்ப வேண்டாம். இரவு ரயிலில் ஊர் திரும்பினால் பிள்ளைக்கு கீழ் பெர்த் போடுங்கள், மீட்டரும் இரண்டு பொட்டலமும் தலையணைக்கு அடியில் இருக்கட்டும். முடிந்தால் அன்றிரவு அங்கேயே அறை எடுத்துத் தங்கி, மறுநாள் காலை கிளம்புங்கள்.

மறுநாளும் மதியம் வரை சுகர் தாழ்வாகவே ஓடலாம். அதற்கு அடுத்த நாட்களில் காரணம் தெரியாமல் ஏறிக்கொண்டே போனால் டோஸைக் கூட்டும் முன் அன்று வெயிலில் சுற்றிய பென்னைச் சந்தேகியுங்கள். புது கார்ட்ரிட்ஜுக்கு மாற்றி ஒரு நாள் பாருங்கள்.