சென்னை–சிங்கப்பூர் எத்தனை மணி நேரம்? கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு வான்வழித் தொலைவு ஏறத்தாழ 2,920 கிலோமீட்டர். மணிக்கு 840 கிலோமீட்டர் வேகம் என்று கொண்டு வகுத்தால் மூன்றரை மணி நேரம்கூட வருவதில்லை. கால அட்டவணையோ நான்கு மணி நேரத்துக்கு மேல் காட்டுகிறது. இதைக் கண்டு, விமான நிறுவனம் வேண்டுமென்றே நேரத்தைக் கூட்டிப் போட்டிருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். தாமதத்தை ஈடுகட்டச் சில நிமிடங்கள் சேர்ப்பது உண்மைதான் என்றாலும், பெரும்பகுதி வித்தியாசத்துக்குக் காரணம் அதுவல்ல. நிறுத்துமிடத்தை விட்டு விமானம் நகர்வதிலிருந்து மறுமுனையில் நிறுத்துமிடத்தை அடைவது வரையிலான நேரமே அட்டவணையில் இருப்பது. ஓடுதளம் வரை ஊர்ந்து செல்வதும், புறப்பாட்டு வரிசையில் நிற்பதும், முழு வேகம் எட்டாத ஏற்றமும், வேகம் குறைத்து வளைந்து இறங்குவதும் அதற்குள் அடக்கம். வரைபடத்தில் அளந்த தூரத்தை விடப் பறக்கும் பாதையும் சற்று நீளமாகவே இருக்கும்.

அடுத்தது, அதிகமானோரை ஏமாற்றுகிற தவறு. பயணச்சீட்டில் உள்ள நேரங்கள் அந்தந்த ஊரின் நேரங்கள். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது. இரவு 11 மணிக்குச் சென்னையில் கிளம்பிக் காலை 5.45க்கு இறங்குவதாக வைத்துக்கொண்டால், நேரடியாகக் கழிப்பவருக்கு 6 மணி 45 நிமிடம் கிடைக்கும். திரும்பும்போது மாலை 7க்குக் கிளம்பி இரவு 8.45க்குச் சென்னை வந்தால் அவருக்கு 1 மணி 45 நிமிடம்தான். இரண்டிலும் உண்மையான பயணம் 4 மணி 15 நிமிடம். லண்டன் என்றால் இன்னும் கவனம் தேவை: கோடையில் நான்கரை மணி நேரமாக இருக்கும் வித்தியாசம், அக்டோபரின் கடைசி ஞாயிறு முதல் மார்ச்சின் கடைசி ஞாயிறு வரை ஐந்தரை ஆகிவிடும்.

போக ஆகும் நேரமே வரவும் ஆகும் என்று எடுத்துக்கொள்வதும் நீண்ட பயணங்களில் பொருந்தாது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வேகமான காற்று லண்டன் செல்லும் விமானத்தை எதிர்க்கிறது, திரும்பும் விமானத்தைத் தள்ளிவிடுகிறது. அரசியலும் இதில் நுழைகிறது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய நிறுவனங்களுக்கு மூடியபின், டெல்லியிலிருந்து ஐரோப்பா செல்லும் அவற்றின் விமானங்கள் தெற்கே சுற்றிப் பறக்க நேர்ந்தது. ஆகவே, ஒரு நிறுவனத்தின் பயண நேரத்தை வைத்து இன்னொன்றின் நேரத்தைக் கணிக்கக் கூடாது. பழைய பயணத்தின் நினைவையும் நம்பக் கூடாது.

இணையக் கணக்கிகளில் அலகையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், சாதாரண மைல் 1.609 தான். சிங்கப்பூருக்கான சுமார் 1,580 கடல் மைலைச் சாதாரண மைலாக எண்ணிப் பெருக்கினால், கிட்டத்தட்ட 380 கிலோமீட்டர் காணாமல் போய்விடும்.

சிங்கப்பூரில் வேறொரு தனிச் சீட்டில் விமானம் மாறுபவர்கள், இறங்கும் நேரத்தையே அடுத்த பயணத்தின் தொடக்கமாக எண்ணிவிடுகிறார்கள். பெட்டி முதல் சீட்டோடு நின்றுவிட்டால் குடிநுழைவுச் சோதனை முடித்து, அதை எடுத்து, மறுபடியும் ஒப்படைக்க வேண்டியிருக்கும். அடுத்த விமானத்தைத் தவறவிட்டால் பொதுவாக இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது.