ஃபோர்க் ஆயில் கசிந்தால் ஆயில் சீலை மட்டும் மாற்றாதீர்கள்

பைக்கின் முன் ஃபோர்க்கில் ஆயில் கசிந்தால், முதலில் குழாயைத் துடைத்துவிட்டு நகத்தை மெதுவாக மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். எங்காவது நகம் தட்டினால் அங்கே குரோம் பெயர்ந்து குழி விழுந்திருக்கிறது, ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையமான சீல் புதிதாகப் போட்டாலும் அதை இந்தக் குழி கிழித்துவிடும். குழாய் மேல் தடிப்பாகப் பூசியிருக்கும் ஹார்டு குரோம் நல்ல கடினம், சாதாரண அரமே அதில் வழுக்கும், ஆனால் பூச்சு முழுக்க கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் இருப்பதால் ஈரம் உள்ளே இறங்கி அடியில் உள்ள எஃகை அரித்துவிடும், அதனால் மழையில் நனைந்த வண்டியைத் துடைத்து மெல்லிசாக எண்ணெய் தடவி வையுங்கள். ஆசிட் கலந்த பாத்ரூம் கிளீனர் வேண்டவே வேண்டாம், ஹைட்ரோகுளோரிக் அமிலம் குரோமைக் கரைத்துவிடும். குழி ஆழம் என்றால் ஹார்டு குரோம் போட்டு கிரைண்டிங்கும் செய்து தரும் பட்டறையில் கொடுங்கள். அழகுக்குப் போடும் குரோம் பெரும்பாலும் 1 மைக்ரான்கூட இருக்காது, இங்கே தாங்காது.