பாலும் பெனடோலும் தைலமும்: வீட்டுப் பூனை வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து எங்கள் வீட்டுக் கடுவன் பூனை குளியலறைத் தண்ணீர் போகும் துளைமேல் போய்ப் போய்க் குந்தினான். குந்துவான், முக்குவான், ஒன்றும் வராது. எழுந்து நாலடி நடப்பான், திரும்பவும் குந்துவான். பக்கத்து வீட்டுப் பெரியம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டு, “வயிறு கட்டிக்கிச்சும்மா, விளக்கெண்ணெய் ஒரு கரண்டி ஊத்து” என்றார். நானும் வாயைப் பிளந்து ஊற்றினேன். சாயந்திரம் வாந்தி எடுத்தான். ராத்திரி அடிவயிற்றைத் தொட்டால் கத்தினான். உள்ளே எலுமிச்சம்பழம் போல ஏதோ கெட்டியாக உருண்டது.

விடிந்ததும், மலேசியாவில் நாங்கள் இருக்கும் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ நகரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மலச்சிக்கலே இல்லை, மூத்திரக் குழாய் அடைத்துப் பை நிரம்பிக் கிடந்தது. மிருக வைத்தியர் மெல்லிய குழாய் செருகி இறக்கியபோது ரத்தம் கலந்து வடிந்ததைப் பார்த்தேன். நான் ஊற்றிய எண்ணெய் நுரையீரலுக்குள் போகாமல் தப்பியதே பெரிது என்றார் அவர்.

கடுவனுக்கு மூத்திரக் குழாய் மிகக் குறுகல். மூத்திரத்தில் உப்புத்துகள் படிந்து சளியோடு சேர்ந்தால் தக்கை போல அடைத்துவிடும். வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத்தையே நிறுத்தும். ஒன்றிரண்டு நாளில் கதை முடிந்துவிடும். அதனால் கடுவன் குந்திக் குந்தி எழுந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். நாளைக்குப் பார்ப்போம் என்பது அங்கே செல்லாது.

இதற்கு ஒரு முக்கியக் காரணம் தண்ணீர் போதாமை. பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை, வறண்ட நிலத்துப் பிராணி. தின்னும் இரையிலிருந்தே பெரும்பாலான நீரை எடுத்துக்கொண்ட சாதி. எலியின் உடலில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். நாம் கொட்டும் உலர் தீனியில் பத்தில் ஒரு பங்குதான். தாகம் எடுத்தால் தானே குடிக்கும் என்று விட்டுவிடுவது தவறு. வீட்டில் இரண்டு மூன்று இடத்தில், மீசை இடிக்காத அகலமான கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள். தினமும் மாற்றுங்கள். உலர் தீனியோடு ஒரு வேளையாவது ஈரத்தீனி கொடுங்கள், அல்லது உப்புப் போடாமல் அவித்த மீனின் தண்ணீரை ஊற்றிக் கொடுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் நாம் எல்லாரும் பாட்டியைச் சாட்சிக்கு இழுப்போம். “தோட்டத்து லயத்துல இருந்தப்ப சோறும் மீன் தலையும்தான் போட்டோம், பத்து வருஷம் கிடந்துச்சு” என்பார்கள். அது பொய் இல்லை. ஆனால் அந்தப் பூனை ராத்திரி முழுக்க லயத்துக்குப் பின்னால் எலி பிடித்தது. பாட்டி போட்ட சோறு அதற்கு நொறுக்குத்தீனி. இன்றைக்குத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் கேட்டைப் பூட்டி வளர்க்கிறோம், எலி கிடையாது, சோறு மட்டும் பழைய கணக்கிலேயே போகிறது.

பூனைக்கு டாரின் என்ற சத்து இறைச்சியிலிருந்தே கிடைக்க வேண்டும். தன் உடம்பில் போதிய அளவு செய்துகொள்ள அதற்குத் தெரியாது. அது குறைந்தால் கண் விழித்திரை கெடும், இதயச் சுவர் மெலிந்து வீங்கும். 1987-இல் ஆராய்ச்சியாளர்கள் இதய நோய்க்கும் டாரின் குறைவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்த பிறகுதான் பூனைத்தீனி செய்கிறவர்கள் அதன் அளவைக் கூட்டினார்கள். நாய் தானே டாரின் செய்துகொள்ளும். அதனால் மலிவாக இருக்கிறதே என்று நாய்த்தீனியையே இரண்டுக்கும் போடாதீர்கள். பச்சை மீனையே தினமும் போடுவதும் சரியில்லை. சில மீன்களில் உள்ள ஒரு நொதி, பி1 உயிர்ச்சத்தை அழித்துவிடும். அவித்தால் அந்தத் தொல்லை இல்லை. குழம்பில் பிசைந்த சோறு கூடவே கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை உடைக்கும். குழம்பில் வெந்தாலும் அந்த நஞ்சு போகாது.

பால்? வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காது, பேதியாகும். பாசார் (சந்தை) ஓரத்தில் கண்டெடுத்த கண் திறக்காத குட்டிக்கு டின் பாலைக் கரைத்து ஊற்றுகிறார்களே, அதுதான் கொடுமை. குட்டிக்கென்றே பால்மாவு விற்கிறது. அதைக் கொடுக்கும் முன்னால் குட்டியைத் துணியில் சுற்றி வெதுவெதுப்பாக்குங்கள். உடம்பு சில்லிட்டிருக்கும்போது ஊட்டினால் செரிக்காது. கைக்குழந்தை போல மல்லாக்கப் படுக்கவைத்தும் ஊட்டக்கூடாது, மூச்சுக்குழலில் ஏறிவிடும். தாயிடம் குடிப்பது போலக் குப்புற வைத்து, தலையை லேசாகத் தூக்கி ஊட்டுங்கள். அப்புறம் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் பின்பக்கத்தை மெல்லத் தடவிவிட வேண்டும். மூன்று வாரம் வரை குட்டிக்குத் தானாக மூத்திரம் போகத் தெரியாது, தாய் நக்கித்தான் போகவைக்கும்.

இப்போது மருந்துப் பெட்டிக்கு வருவோம். எனக்கு அதிகக் கோபம் வருவது இங்கேதான். பூனைக்குக் காய்ச்சல் என்று அரைப் பெனடோலை, அதாவது பாரசிட்டமால் மாத்திரையை, பொடித்துக் கொடுக்கிறார்கள். பாரசிட்டமாலை உடைத்து வெளியேற்றும் வேலையை நம் ஈரல் செய்கிறது. பூனையின் ஈரலில் அதற்கு வேண்டிய நொதி மிகக் குறைவு. ரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்க முடியாமல் போகும், ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகம் வீங்கும். ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொல்லும். பாதி கொடுத்தால் பரவாயில்லை என்ற கணக்கு இதில் கிடையாது.

தைலமும் அப்படித்தான். சளி பிடித்திருக்கிறதே என்று கோடாலித் தைலத்தை மூக்கிலும் நெஞ்சிலும் தேய்ப்பார்கள். அதிலுள்ள எண்ணெய்கள் தோல் வழியாகவும் ஏறும், பூனை தன்னை நக்குவதால் வாய் வழியாகவும் போகும். பினாயில் ஊற்றிக் கழுவிய தரையும் இதே கதைதான்: ஈரத்தில் நடக்கும், பாதத்தை நக்கும். தண்ணீரில் ஊற்றினால் வெள்ளையாக மாறுகிற கிருமிநாசினிகளும் சேர்த்தி. தரை முழுக்கக் காயும் வரை பூனையை வேறு அறையில் வையுங்கள். நாய்க்கான உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அது பூனைக்கு விஷம். கைகால் இழுத்து வலிப்பு வரும். டப்பாவில் பூனைப் படம் இல்லாவிட்டால் தொடாதீர்கள்.

நம் ஊருக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. சுற்றிலும் செம்பனை, அதாவது பாமாயில் மரத் தோட்டங்கள். குலையை எலி கடிக்கும் என்று வேலைக்காட்டில் மரத்தடியில் மெழுகுக் கட்டி போன்ற எலி மருந்து வைப்பார்கள். எலிக்காகப் பெட்டி கட்டி ஆந்தை வளர்க்கிற தோட்டங்களும் உண்டு, ஆனாலும் மருந்து வைக்காத இடம் குறைவு. அந்த மருந்து ரத்தம் உறைவதைத் தடுப்பது. தின்ற எலி உடனே சாகாது; தள்ளாடிக்கொண்டு திரியும்போது பூனைக்குச் சுலபமாக அகப்படும். பூனையிடமும் உடனே ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்துச் சோர்ந்து படுக்கும், ஈறு வெளிறும், மூச்சு வாங்கும், மூக்கிலோ மலத்திலோ ரத்தம் தெரியும். கே1 உயிர்ச்சத்துதான் முறிவு மருந்து, அதையும் வாரக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். மருந்துப் பொட்டலத்தின் உறை கிடைத்தால் வைத்தியரிடம் எடுத்துப்போங்கள். தோட்டத்தில் எப்போது மருந்து வைக்கிறார்கள் என்று மண்டோரிடம் (தோட்டக் கங்காணி) கேட்டுவைத்துக்கொண்டு, அந்த வாரங்களிலாவது பூனையை வீட்டோடு அடையுங்கள்.

மூக்கு நுனியில் ஆறாத புண்ணோடு திரியும் பூனைகளை நம் பக்கம் நிறையப் பார்க்கலாம். சண்டைக்காயம் என்று மஞ்சள் பூசிவிடுவோம். மலேசியாவில் ஸ்போரோட்ரிக்கோசிஸ் என்ற பூஞ்சை நோய் பூனைகளிடம் சகஜம், பிறாண்டினால் நமக்கும் ஒட்டும். கையில் ஒரு கட்டி தோன்றி, அதிலிருந்து மேல்நோக்கி மணிமணியாக வரிசை பிடிக்கும். இட்ராகோனசோல் மாத்திரையில் குணமாகும், ஆனால் மாதக்கணக்கு ஆகும். புண் காய்ந்ததும் மருந்தை நிறுத்துவதுதான் இதில் எல்லாரும் செய்கிற தவறு. ஆறிய பிறகும் குறைந்தது ஒரு மாதம் தொடர வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு கொடுங்கள்; பூனையைத் துரத்திவிடத் தேவையில்லை.

“ஒரு ஈத்து போடட்டும், அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கலாம்” என்பது இன்னொன்று. ஒரு ஈத்து போட்டால் உடம்புக்கு நல்லது என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. பெட்டைக்கு நாலைந்து மாதத்திலேயே சினை பிடிக்கலாம், ஒன்பது வாரத்தில் ஈன்றுவிடும், பால் கொடுக்கும்போதே மறுபடியும் சினையாகும். நம் நாட்டில் குளிர்காலம் இல்லாததால் ஓய்வும் இல்லை. கடைசியில் பெட்டியில் போட்டுச் சந்தையோரம் விடுகிறார்கள். மலேசியாவின் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்கீழ் கொடுமைக்கான அபராதமே 20,000 வெள்ளியில் (ரிங்கிட்) தொடங்குகிறது. ஆபரேஷன் செலவு அதற்குப் பக்கத்தில்கூட வராது.

சின்னச் சின்னதாகவும் சில உண்டு. திருஷ்டிக்கென்று குட்டிக் கழுத்தில் கருப்புக் கயிறு கட்டி மறந்துவிடுகிறோம். குட்டி வளரும், கயிறு வளராது, கழுத்துத் தோலை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கிய கயிற்றை நானே பார்த்திருக்கிறேன். முன்வாசல் கூண்டில் மத்தியான வெயிலில் அடைக்காதீர்கள். தீபாவளி ராத்திரி வெடிச்சத்தத்தில் ஓடிப்போகும், அன்று உள்ளறையில் வையுங்கள். பூனை ஒரு நாள் சாப்பிடாவிட்டால் கவனியுங்கள். குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கொழுப்பு ஈரலில் போய் அடைத்துக்கொள்ளும்.

அப்புறம், கொண்டுபோவது. நான் அன்றைக்கு அரிசிச் சாக்கில் கட்டி மடியில் வைத்துக்கொண்டுதான் ஈப்போ வரை போனேன். மூச்சு முட்டி அவன் கிழித்த கிழிப்பில் கை முழுக்கக் கோடு. மூடி போட்ட பிளாஸ்டிக் கூடை வாங்கி, பழைய கைலி விரித்து, திறந்தபடியே வீட்டில் போட்டுவைத்தால் பூனை அதைத் தன் இடமென்று எடுத்துக்கொள்ளும், அவசரத்துக்குத் துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை. எங்கள் கடுவன் இப்போது அதில்தான் தூங்குகிறான். மூடியைக் கையில் எடுத்தால் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பான்.