மெயில்ல "ரிவர்ட்" போடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

"ப்ளீஸ் ரிவர்ட்"னு முடியாத ஆபீஸ் மெயிலே நம்மூர்ல அபூர்வம், பதில் அனுப்புங்கன்ற அர்த்தத்துலதான் போடுறோம். ஆனா ரிவர்ட்னா பழைய நிலைக்கே திரும்பிப் போறது. லத்தீன்ல ரீ-ன்னா திரும்ப, வெர்ட்டெரேன்னா திருப்புறது, அதுலருந்து வந்த வார்த்தை. குத்தகை முடிஞ்சதும் நிலம் ஓனர்கிட்டயே திரும்பிப் போகுது பாருங்க, சட்டத்துல அதுக்கு இதான் சொல்லுவாங்க. விக்கிப்பீடியால ஒருத்தர் பண்ண எடிட்டை தூக்கிட்டு பழையபடி ஆக்குறதும் ரிவர்ட்தான், ப்ரோக்ராமருங்க கோட்ல பண்ற மாற்றங்களைப் பதிஞ்சு வைக்கிற கிட்ன்ற (Git) டூல்ல அந்தப் பேர்லயே ஒரு கமாண்ட் இருக்கு, போட்டா முன்னாடி பண்ண மாற்றத்தை ரத்து பண்ணிடும்.

இதுலதான் நான் மாட்டினேன். அமெரிக்காவுல இருக்க டீம்மேட்டுக்கு "நேத்து போட்ட சேஞ்சை பார்த்துட்டு ரிவர்ட் பண்ணுங்க"ன்னு எழுதிட்டு படுத்துட்டேன், காலைல எழுந்து பார்த்தா அவர் சேஞ்சையே எடுத்துட்டார், அவர் மேல தப்பே இல்ல.

அதுக்காக நம்ம பயன்பாடு சுத்தத் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், இந்தியா சிங்கப்பூர் மலேசியான்னு இத்தனை பேர் எழுதுறப்போ அதுவும் ஒரு வழக்குதானே. நமக்குள்ள தாராளமா போடுங்க. வெளிநாட்டு ஆளுங்களுக்கு எழுதுறப்போ, முக்கியமா கோட் பத்தின மெயில்ல, "ரிப்ளை"ன்னே போட்டுடுங்க. அப்புறம் "ரிவர்ட் பேக்" மட்டும் எங்கயும் வேணாங்க, அந்த "திரும்ப" ரிவர்ட்டுக்குள்ளயே இருக்கு.